நாளெல்லாம் ஓடறனுங்க, ஒரு டெலிவரியும் நேரத்துக்குப் போறதில்ல

அடுத்த கேள்வி பல்லடத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பிச்சிருக்காருங்க. படிக்கிறேன். "10 மெஷின் வெச்சு, கம்பெனிக்காரங்க குடுக்கற துணிய கூலிக்கு, அதான் ஜாப் வொர்க்குக்கு, பனியன் தைக்கிறனுங்க. வெடியால 7 மணிக்கு உள்ள நுழைஞ்சா ராத்திரி 11 வரைக்கும் உக்கார நேரமில்ல. ஆனா ஒரு டெலிவரியும் சொன்ன தேதிக்குப் போறதில்ல. எங்கீங்க தப்பு?"

சிரிப்பு வருதுங்க தம்பி. நானும் அவிநாசிப் பக்கம் 12 மெஷின் போட்டு இப்படியே ஓடுனவன்தான். எந்நேரமும் சோலிக்காரர்னு ஊட்டுல பெருமையா வேற பேசிக்குவாங்க.

துணி ஓரத்த அடிக்கிற உங்க ஓவர்லாக் மெஷின் கிட்டயே போலாம் வாங்க. கருப்பு பீஸ் ஓடிட்டு இருக்குது. கம்பெனியில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் போன் பண்ணி, "அந்த வெள்ளை 50 பீஸ் மட்டும் சித்த அவசரமா அடிச்சுக் குடுங்க"ங்கறாரு. சரீன்னுட்டீங்க. இப்ப 4 கோன் நூலையும் அத்து, வெள்ளைய முடிச்சுப் போட்டு இழுக்கோணும். நூலோட டென்ஷன், அதான் இழுவை, சரியான்னு பாக்கோணும். கருப்புப் பிசிறு வெள்ளையில ஏறாம மெஷினைத் தொடைக்கோணும். வேஸ்ட் துணியில ஓட்டிப் பாக்கோணும். 50 முடிஞ்சதும் மறுக்கா கருப்புக்கு மாத்தோணும். டெய்லர் அக்கா ஒரு நிமிசம் சும்மா உக்காரல. ஆனா நூல் மாத்துன நேரத்துல எத்தன பீஸ் வெளிய வந்துச்சு?

மெஷின்ல மாத்தறது கண்ணுக்குத் தெரியுது. மண்டைக்குள்ள மாத்தறது தெரியறதில்ல. பீஸுக்கு என்ன செலவாகும்னு காஸ்டிங் போட்டுட்டு இருக்கீங்க, வாட்ஸ்அப்புல போட்டோ வருது, பாத்துட்டுத் திரும்புனா எந்த வரியில உட்டோம்னு தேடறீங்க. 2009-ல சோஃபி லெராய்னு ஒருத்தங்க இதையேதான் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க. ஒரு வேலைய முடிக்காம அடுத்ததுக்குத் தாவுனா, கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குதாம். நம்ம கருப்புப் பிசிறுதானுங்க அது.

இன்னொன்னு, கையில எத்தன ஆர்டர் பாதியில கெடக்குதுன்னு எண்ணிப் பாருங்க. அமெரிக்காவுல ஜான் லிட்டில்னு ஒரு பேராசிரியர் 1961-ல கணக்கா நிரூபிச்சாரு. லைன்ல கெடக்கற பீஸை, ஒரு நாளைக்கு முடியற பீஸால வகுத்தா, உள்ள வந்தது வெளிய போக சராசரியா எத்தன நாளுன்னு தெரிஞ்சுரும். 3000 கெடக்குது, நாளைக்கு 600 முடியுதுன்னா 5 நாள். ஆசப்பட்டு இன்னொரு 1500 எறக்குனா? மெஷினும் அதே, ஆளும் அதே, 600தான் வெளிய போகும். ஆச்சு, ஏழரை நாள். ஏழரைன்னாலே நமக்கு ஆகாதுங்களே!

வர்ற வேலைய வேண்டாங்கறதான்னு கேப்பீங்க. வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லீங்க. "வெட்டுன துணிய வியாழக்கிழமை அனுப்புங்க, அடுத்த செவ்வாய் வண்டி ஏத்தறேன்"னு சொல்லுங்க. நான் அப்படிச் சொல்ல ஆரம்பிச்ச மாசமே ஒரு பார்ட்டி கைய விட்டுப் போயிருச்சு, மறைக்கல. மத்தவங்க முனகிட்டே இருந்துட்டாங்க.

போனுக்கு ஒரு வழி இருக்குது. ஆளுக எட்டரைக்குத்தான் வருவாங்க, நீங்க 7 மணிக்கே வந்தர்றீங்க. அந்த ஒன்றரை மணி நேரம் போனை டிராயர்ல போடுங்க. இன்னைக்கு எந்த லாட் வண்டியேறோணும், அதுக்கு எது தடையா நிக்குது, அந்த ஒன்னை மட்டும் பாருங்க. திருப்பிக் கூப்புடறதையெல்லாம் டீ நேரத்துல ஒட்டுக்கா வெச்சுக்கலாம். கரண்ட் போச்சு, ஊசி கையில ஏறிருச்சுன்னா ஓடித்தான் ஆகோணும், அதைச் சொல்லல. சனிக்கிழமை சம்பள நாள், அன்னைக்கு இதெல்லாம் நடக்காது. முயற்சியும் பண்ணாதீங்க.

ஒரு வாரம் மெஷின்ல எத்தன தடவை நூல் மாத்துனீங்க, நீங்க எத்தன தடவை மாறுனீங்கன்னு நோட்டுல கோடு போட்டு வெச்சு எனக்கு அனுப்புங்க தம்பி, பாக்கலாம்.

அடுத்தது கோபியில இருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்காங்க...