திரும்பி வந்த இரண்டு மசோதாக்கள்: ஆசிரியை திரௌபதி முர்முவின் சட்டமன்ற வாழ்க்கை

(திரையில்: அரூரிலிருந்து சித்தேரிக்கு ஏறும் மலைப்பாதை)

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில், மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கும் சரிவுகளை அறிந்தவர்களுக்கு, மலை நிலம் யாருக்கு உரியது என்ற வழக்கு புதிதன்று. அதே வழக்கு 2016-ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் சட்டமன்றத்தில் மசோதாவாக உருவெடுத்து, ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியையின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று ஆளுநராக இருந்த அவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான திரௌபதி முர்மு.

(திரையில்: ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்ட வரைபடம்)

1958 ஜூன் 20 அன்று உபர்பேடா கிராமத்தில் சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த முர்மு, புவனேசுவரத்தில் பட்டம் பெற்று, 1979 முதல் 1983 வரை அரசு நீர்ப்பாசனத் துறையில் இளநிலை உதவியாளராக இருந்தார். 1994-இல் ராய்ரங்பூரில் ஸ்ரீ அரவிந்தர் பெயரிலான பள்ளியில் கௌரவ ஆசிரியையாகச் சேர்ந்தார். 1997-இல் அவ்வூரின் கவுன்சிலரானபோது, சாக்கடை தூர்வாரும் இடத்திலும் குப்பை அள்ளும் இடத்திலும் தாமே வெயிலில் நின்று மேற்பார்த்தார் என்று சொல்கிறார்கள். வார்டு உறுப்பினரைத் தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ராய்ரங்பூர் தொகுதியில் 2000-இலும் 2004-இலும் வென்றார். முதல் முறையிலேயே அமைச்சராகி, வணிகம், போக்குவரத்து, பிறகு மீன்வளம், கால்நடைத் துறைகளைக் கவனித்தார். 2007-இல் ஒடிசா சட்டமன்றம் சிறந்த உறுப்பினருக்கான நீலகண்டர் விருதை அவருக்கு வழங்கியது. விருதுக்குப் பெயர் தந்த பண்டிதர் நீலகண்ட தாசும் சத்யபாடி பள்ளியில் பாடம் நடத்தியவர், பின்னர் அம்மன்றத்தின் சபாநாயகரானவர் என்பது பொருத்தமான தற்செயல்.

2009 மக்களவைத் தேர்தலிலும் 2014 சட்டமன்றத் தேர்தலிலும் தோற்றார். அந்தக் காலகட்டத்தில் இரண்டு மகன்களையும் கணவரையும் இழந்தார். 2015-இல் ஜார்க்கண்ட் ஆளுநரானார்.

(திரையில்: ஜார்க்கண்டின் இரு நிலச் சட்டங்கள் – சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம், 1908, சந்தால் பர்கனா குத்தகைச் சட்டம், 1949)

ஆங்கிலேயரை எதிர்த்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பின் வந்தது முதல் சட்டம். பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுப்பதே இரண்டின் உயிர்நாடி. வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற வழிசெய்யும் திருத்தங்களை 2016 நவம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. நிலத்தின் உரிமை மாறாது என்று அரசு விளக்கியபோதிலும், பயன்பாடு மாறினால் நாளடைவில் உரிமையும் கைநழுவும் என்று பழங்குடி அமைப்புகள் அஞ்சி, ஆளுநரிடம் மனுக்களைக் குவித்தன.

அரசமைப்பின் 200-ஆவது பிரிவு நமக்கும் அண்மைக்காலமாகப் பழகிய எண்தான். பண மசோதா அல்லாத ஒன்றை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை ஆளுநருக்கு அது தருகிறது. சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. இத்திருத்தங்களால் பழங்குடியினருக்கு என்ன நன்மை என்ற கேள்வியோடு, 2017-இல் முர்மு அவற்றைத் திருப்பி அனுப்பினார். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் கேள்விபோலவே அது இருந்தது. ஆட்சியில் இருந்தது அவர் வளர்ந்த அதே பாரதிய ஜனதா கட்சி என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆகஸ்டில் அரசு மசோதாக்களைக் கைவிட்டது.

(திரையில்: ராய்ரங்பூர் சிவன் கோயில், கையில் துடைப்பத்துடன் முர்மு)

2022-இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட மறுநாள் காலை அவர் கோயில் வாசலைப் பெருக்கிய காட்சியை நாடே பார்த்தது. தேர்தலில் அவர் பெற்ற வாக்கு மதிப்பு 6,76,803. எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177. ஆனால் அவர் வேட்பாளரான அதே வாரம் வெளியான மற்றொரு செய்தியையும் சொல்லாமல் விட முடியாது. ஒன்பதாண்டு சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவரின் சொந்த ஊரான உபர்பேடாவைச் சேர்ந்த டுங்குரிசாஹி குடியிருப்பில் அதுவரை மின்சாரம் இல்லை. அவர் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகுதான் மின்கம்பங்களை இறக்கினார்கள்.