சான்ரெமோ தந்தது அடைக்கலமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

துருக்கியை ஆண்டு, பின் நாடிழந்த உஸ்மானிய (ஓட்டோமான்) அரச குடும்பத்துக்கு இத்தாலியின் சான்ரெமோ நகரம் தந்தது அடைக்கலமா, அவமானமா என்பது தலைப்பு. அடைக்கலமே என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "கடைசி சுல்தானின் சவப்பெட்டிக்கே ஜப்தி போட்ட ஊரை அடைக்கலம் தந்த ஊர் என்று எந்த வாயால் சொல்வீர்கள்?" என்று கேட்டார். அவையும் பலமாகக் கைதட்டியது. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறு எதைப் பேசினாலும் நான் ஓடி ஒளிந்தவன் ஆவேன். ஆகவே அதற்கே முதலில் வருகிறேன்.

1922 நவம்பர் முதல் நாள் அங்காராவில் கூடிய தேசியப் பேரவை சுல்தான் பதவியை ஒழித்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஒரு வம்சத்தின் முப்பத்தாறாவது சுல்தானான ஆறாம் மெஹ்மத் வஹிதெத்தின், அந்த மாதம் 17-ஆம் நாள், பத்து வயது மகன் எர்துக்ருலைக் கூட்டிக்கொண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய பரிவாரத்தோடு 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறினார். கப்பல் அவரை மால்டாவில் இறக்கியது. அங்கே நிலைக்க முடியவில்லை. மக்கா இருக்கும் அரேபியப் பகுதியான ஹிஜாஸை ஆண்ட ஷரீஃப் ஹுசைனின் அழைப்பை ஏற்று அங்கே போனார். அங்கும் நிலைக்க முடியவில்லை. 1923-இல் சான்ரெமோவுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே தங்கினார். மூன்று கண்டங்களில் கொடி பறக்கவிட்ட வம்சத்துக்கு உரியவர், கடைசியில் கால் ஊன்றி நின்ற இடம் வடமேற்கு இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் இருக்கும் அந்தச் சிறு நகரம்தான்.

1924 மார்ச்சில் துருக்கி, முஸ்லிம்களின் தலைமைப் பதவியான கிலாஃபத்தையும் ஒழித்து, உஸ்மானிய வம்சத்தார் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றியது. குடியுரிமை போயிற்று, பிறந்த மண்ணை மிதிக்கும் உரிமையும் போயிற்று. அப்படி விரட்டப்பட்டவர்களில் சிலர் தேடி வந்த வாசலும் சான்ரெமோவில் சுல்தான் தங்கியிருந்த மாளிகையின் வாசல்தான். வந்தவர்களுக்கெல்லாம் உலை வைக்க வேண்டும், வருமானமோ இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, நடுவர் அவர்களே? உள்ளூர்க் கடைக்காரர்கள் கடன் கொடுத்தார்கள், அதனால் எரிந்தது.

1926 மே 16 அன்று, வில்லா மக்னோலி என்ற அந்த மாளிகையில், அறுபத்தைந்து வயதில் சுல்தான் காலமானார். செய்தி பரவியதும் கடன்காரர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். அமீனாக்கள் வந்தார்கள், வீட்டுச் சாமான்களுக்கு முத்திரை வைத்தார்கள், சவப்பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பேரரசின் கடைசி சுல்தான் வாரக்கணக்கில் மண்ணுக்குள் போகாமல் காத்துக்கிடந்தார். எதிரணி நண்பர் சொன்னது இந்தக் கதையை. இதில் ஒரு எழுத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு அவர் மூடிவைத்துவிட்டார். முன்பக்கங்களை நான் வாசிக்கிறேன்.

ஜப்தி எப்போது வரும்? கடன் இருந்தால் வரும். கடன் எப்போது வரும்? ஒருவர் நம்பிக் கொடுத்தால் வரும். நாடில்லாத, குடியுரிமை இல்லாத, நாளை எந்த ஊரில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாத ஒரு முதியவருக்கு, வேற்று மதத்தவர், வேற்று மொழியினர், ரொட்டியும் மளிகையும் கொடுத்து, பாக்கியைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நம் ஊர் அண்ணாச்சி கடையில் ஒரு மாதப் பாக்கி நின்றால் அடுத்த மாதம் சரக்கு வருமா என்று அவையோர் தங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். இஸ்தான்புல் கைவிட்டவரை, ஹிஜாஸால் நிறுத்திக்கொள்ள முடியாதவரை, அந்தக் கடைக்காரர்கள் அவர் உயிரோடு இருந்த வரையில் சோறில்லாமல் விடவில்லை. பெட்டியை மறித்தது கொடுமைதான். அந்தக் கொடுமைக்கு முன்னால் நின்ற மூன்று ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எதிரணி நண்பர் இன்னொன்றும் சொன்னார். 1920 ஏப்ரலில் சான்ரெமோவின் தேவசான் மாளிகையில், முதல் உலகப் போரில் வென்ற நேச நாடுகள் கூடி, பாலஸ்தீனத்தையும் இராக்கையும் பிரிட்டனுக்கும், சிரியாவையும் லெபனானையும் பிரான்சுக்கும் ஆளக் கொடுத்தன. தன் நாட்டைக் கூறுபோட்ட ஊரிலேயே சுல்தானை வாழவைத்தது அவமானம் இல்லையா என்றார். நாற்காலி போட்டுக் கொடுத்தது ஊர். கையெழுத்துப் போட்டது வல்லரசுகள். அந்தக் கூறுபோடலை எதிர்த்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நம் சென்னைக் கடற்கரையில் காந்தியடிகள் கிலாஃபத்துக்காகப் பேசினாரே, அவர் குற்றம் சுமத்தியது பிரிட்டிஷ் அரசின் மேல். சான்ரெமோவின் ரொட்டிக்காரர் மேல் அல்ல.

இந்த ஊரின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1912-இல் உஸ்மானியருக்கு எதிராக பால்கன் போரை முதலில் அறிவித்தவர் மான்டிநீக்ரோ மன்னர் நிகோலா. அவரும் பின்னர் நாடிழந்தார். 1921-இல் பிரான்சில் இறந்தார். அவர் உடலைச் சான்ரெமோவின் ரஷ்யத் தேவாலயம் தன் நிலவறையில் ஏற்றுக்கொண்டது. அரசி மிலேனாவும் பின்னர் அங்கேயே அடக்கமானார். சுல்தான் வில்லா மக்னோலியில் வாழ்ந்த நாளெல்லாம், அவர் வம்சத்தோடு போரிட்ட மன்னர் அதே ஊரில் துயின்றுகொண்டிருந்தார். யார் பக்கம் நின்றாய் என்று அந்த ஊர் இருவரையும் கேட்கவில்லை. 1989-இல் மான்டிநீக்ரோ மக்கள் தங்கள் மன்னரைத் தாய்மண்ணின் செத்தின்யே நகருக்கு அழைத்துக்கொள்ளும் வரை, 68 ஆண்டுகள் அது அவரைக் காத்தது.

இனிச் சட்டம் வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒரு மகளைப் பற்றிச் சொல்ல விடுங்கள். சுல்தானின் மகள் சபிஹா, கணவரோடும் பெண் குழந்தைகளோடும் அருகில் பிரான்சின் நீஸ் நகரில் நாடு கடத்தப்பட்ட வாழ்வு வாழ்ந்தவர். தந்தையின் பெட்டியை மீட்க அவர் தம் நகைகளை விற்றார் என்று அக்குடும்பத்தின் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். தகப்பனை அடக்கம் செய்யத் தாலிக்கொடியை அடகு வைத்த பெண்கள் நம் தெருக்களிலும் உண்டு. அந்த வலியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டி கப்பலேறி பெய்ரூத் போயிற்று, அங்கிருந்து டமாஸ்கஸ் போயிற்று. சுலைமான் சுல்தானின் ஆணைப்படி கட்டடக் கலைஞர் சினான் வடிவமைத்த, பள்ளிவாசலோடு கூடிய தக்கியா வளாகத்தில், முன்னோர் எழுப்பிய பள்ளிவாசலின் அருகே, அவரை அடக்கம் செய்தார்கள். இஸ்தான்புல்லில் அவருக்கு ஆறடி மண் கிடைக்கவில்லை.

அந்த மகள் தாய்நாடு திரும்ப 1952 வரை காத்திருந்தார். வம்சத்தின் ஆண்களுக்கு 1974-இல்தான் வழி திறந்தது. கப்பலேறிய சிறுவன் எர்துக்ருல் அதைக் காணாமலே 1944-இல் கெய்ரோவில் இறந்தான். பிறந்த வீடு இப்படிப் பூட்டிக் கிடந்த காலத்தில் ஒரு முதிய தகப்பனுக்குக் கூரையும் சோறும் மூன்றாண்டு நிம்மதியான உறக்கமும் கொடுத்த ஊர் எது என்று, நடுவர் அவர்களே, சபிஹாவின் இடத்தில் உங்கள் மகளை நிறுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.