பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கஞ்சாப் பழக்கத்தை விட முயல்பவர்களுக்குக் கைப்பேசியும் இணையமும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இதற்கென உள்ள செயலிகள், இணையத் திட்டங்கள் போன்ற கருவிகள் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அவற்றில் ஓர் அம்சத்தோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. அந்தச் சண்டைக்கு வருவதற்கு முன், கருவி எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கஞ்சாவை நினைத்த நாளில் விட்டுவிடலாம், அது உடலைப் பிடித்துக்கொள்ளாது என்ற எண்ணம் புகைப்பவர்களிடமும் உண்டு, அவர்கள் வீட்டாரிடமும் உண்டு. ஆனால் நெடுங்காலம் அன்றாடம் புகைத்தவர் திடீரென நிறுத்தும்போது உடலும் மனமும் முரண்டு பிடிக்கவே செய்யும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில் இது தனியொரு நிலையாகவே சேர்க்கப்பட்டது. எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, விழித்த பிறகும் கலையாத விசித்திரக் கனவுகள் ஆகியவை நிறுத்திய ஓரிரு நாட்களில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். தூக்கச் சிக்கல் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும். இதை முன்கூட்டி அறியாதவர் நான்காம் நாள் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, கஞ்சா இல்லாமல் தம்மால் இனி உறங்கவே இயலாது என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த நேரத்தில் எந்த ஆலோசகரும் விழித்திருப்பதில்லை. வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆலோசகரான என்னிடம் வருபவர் என் எதிரில் அமர்ந்திருப்பது ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரமும் அவர் கையெட்டும் தூரத்தில் இருப்பது அவருடைய கைப்பேசி. கஞ்சாவை விடுவதற்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து ஏதும் இல்லாத நிலையில், பேச்சுவழிச் சிகிச்சை தரும் பயிற்சிகளை அந்த 167 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்ப்பதுதான் இக்கருவிகளின் வேலை. நான்காம் நாள் இரவில், இது எதிர்பார்த்ததே, ஒரு வாரத்தில் இறங்கத் தொடங்கும் என்று இரண்டு வரிகள் திரையில் தோன்றினாலே பலருக்கு அந்த இரவு கடந்துவிடும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பெரும்பாலான செயலிகளைத் திறந்தவுடன் ஓர் எண் தெரியும். புகைக்காமல் இருந்த நாட்களின் எண்ணிக்கை அது. நாள்தோறும் ஒன்று கூடும். ஒரு நாள் புகைத்தால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே கைப்பேசியைக் கையில் பிடித்தபடி அறைக்குள் நுழைவார். பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்திரண்டு என்று வாரத்துக்கு வாரம் அது ஏறியது. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. அதன் பிறகு மூன்று வாரங்கள் அவர் வரவில்லை. திரும்பி வந்தபோது கைப்பேசி சட்டைப் பைக்குள் இருந்தது. நாற்பத்திரண்டாம் நாள் நண்பர் ஒருவர் நீட்டியதை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, நேர்மையாகச் செயலியில் பதிந்திருக்கிறார். எண் பூஜ்ஜியம் ஆயிற்று. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செயலியை நீக்கியவர், அடுத்த மூன்று வாரங்களும் முன்னைவிட அதிகமாகப் புகைத்திருக்கிறார். “எல்லாம் போய்விட்டது என்று அதுவே சொல்லிவிட்டதே, அப்புறம் நான் எதைக் காப்பாற்ற வேண்டும்?” என்று என்னிடம் கேட்டார். அதற்கு உடனடியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள் போட்டேன். நாற்பத்தொன்றை வெறுமையாக விட்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் கறுப்பாக்கினேன். முன்பு நாளொன்றுக்கு மூன்று முறை புகைத்தவர் அவர்; ஆகவே அந்த வெற்றுக் கட்டங்களில் அவர் புகைக்காமல் விட்டவை நூற்று இருபத்துமூன்று. கறுப்புக் கட்டத்தைப் பற்றி மட்டும் அன்று ஒரு மணி நேரம் பேசினோம்: எத்தனை மணி, எந்த இடம், யார் உடன் இருந்தார்கள், அதற்கு முந்தைய இரவு உறக்கம் எப்படி, பகலில் யாரிடமாவது சண்டையா என்று. அந்த நாளில் காலை முதலே அவர் சாப்பிடவில்லை என்பதும், வேலையில் அவமானப்பட்டுத் திரும்பியிருந்தார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தன. பூஜ்ஜியம் இதில் எதையுமே கேட்கவில்லை.

போதைப் பழக்கத்தில் மறுவீழ்ச்சியைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதற்கு ‘விரத முறிவு விளைவு’ என்று ஒரு பெயரே வைத்திருந்தார். விரதம் முறிந்தது என்ற குற்ற உணர்வு, அந்த ஒரு தவற்றைவிடப் பெரிய தீங்கைச் செய்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். ஒரு சறுக்கல் என்பது வேறு, விழுந்து கிடப்பது என்பது வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றுவது பல வேளைகளில் சறுக்கியவர் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்ளும் தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பை ஓர் இயந்திரம் அச்சடித்துத் தர வேண்டியதில்லை என்பதே என் வாதம். கேட்டவர்களுக்கு அலுக்கும் அளவுக்கு இதைச் சொல்லி வருகிறேன், இன்றும் சொல்லிவிட்டேன். செயலியைத் தேர்ந்தெடுப்பவர்கள், புகைத்ததாகப் பதிந்தால் அது என்ன செய்கிறது என்பதை முதலில் பாருங்கள். எண்ணை அழிக்கிறதா, அல்லது என்ன நடந்தது என்று கேட்கிறதா?

கேட்கும் கருவிகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் அரசின் நலக்கல்வி மையம் நடத்திய ஓர் இணையத் திட்டம் ஐம்பது நாட்கள் நீண்டது. சேர்ந்தவர் நாட்குறிப்பை இணையத்தில் எழுத, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வாரந்தோறும் அதைப் படித்துப் பதில் எழுதுவார். அதன் பெயரை வானொலியில் உச்சரிக்க எனக்குக் கூச்சம், ஆகவே விட்டுவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஆலோசகரே இல்லாமல் ஆறு பாடங்களாக அமைந்த ஒரு திட்டத்தைச் சோதித்து, தகவல் மட்டும் பெற்றவர்களைவிட அதில் சேர்ந்தவர்கள் புகைக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டதாக 2013-இல் வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் 2015-இல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமானது. அங்கே ஒரு குழுவுக்கு இணையப் பாடங்கள் மட்டும். மற்றொரு குழுவுக்கு அதே பாடங்களோடு ஆலோசகருடன் எழுத்து வழியில் உரையாடும் வாய்ப்பும் தரப்பட்டது. மூன்றாம் குழு ஒப்பீட்டுக்காக இவை ஏதுமின்றிக் காத்திருந்தது. உரையாடல் சேர்ந்த குழுவே தெளிவாக முன்னேறியது. கிடைக்கும் பலன் பொதுவாகச் சிறிய அளவினது என்பதையும், சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இணைய வழிச் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் உள்ள இந்தக் குறையைப் பற்றி குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் 2005-லேயே எழுதினார். தொடக்கத்தில் கதவைத் திறப்பது கருவி. உள்ளே இருக்கச் செய்வது, மறுமுனையில் ஒருவர் படிக்கிறார் என்ற உணர்வு.

மார்லட் கற்பித்த இன்னொன்று கைப்பேசிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். புகைக்கத் தோன்றும் வேட்கை ஓர் அலைபோல எழுந்து, உச்சியைத் தொட்டு, எதிர்த்துப் போராடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் தானாக இறங்கும். இதைக் காதால் கேட்கும்போது நம்ப முடியாது. வேட்கை எழுந்த நிமிடத்தையும் தணிந்த நிமிடத்தையும் கைப்பேசியில் பதியச் சொல்வேன்; ஒரு வாரம் கழித்துத் தம் எண்களையே பார்த்து, முடிவில்லாதது என்று நினைத்தது எவ்வளவு குறுகியது என்று அவர்களே என்னிடம் வியந்து சொல்வார்கள். கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து புகைப்பவர்கள் அந்த வேட்கை எதற்கானது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பாதி நேரம் கேட்பது நிக்கோட்டினாக இருக்கும்.

கடிகாரம் என்னை நெருக்குகிறது. வீட்டார் எப்படி உதவலாம் என்று விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், அதற்கு இடமில்லை. ஒன்று மட்டும்: யாருமில்லாதபோது குரல்கள் கேட்பது, எல்லோர்மீதும் காரணமற்ற சந்தேகம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், நிற்காத வாந்தி ஆகியவை இருந்தால் செயலியைத் திறக்காதீர்கள், நேராக மருத்துவரிடம் செல்லுங்கள். அடுத்து, செயலியில் எழுதுவது எங்கே சேமிக்கப்படுகிறது, யாருக்கு விற்கப்படலாம் என்பதைப் பார்த்துவிட்டே சேருங்கள். உண்மைப் பெயரும் நிழற்படமும் கேட்காத கருவியே மேல். கைப்பேசி பூட்டியிருக்கும்போதும், “இன்று புகைத்தீர்களா?” என்ற அறிவிப்பு பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் படும்படி திரையில் வந்து நிற்கும். அதன் வாசகத்தை மறைக்கும் வசதி கைப்பேசியிலேயே உண்டு. முதல் நாளே மறைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.