வாசலில் நிற்பவருக்குச் சட்டம் வேண்டாமா?

நடுவர் அவர்களே! ஐரோப்பாவில் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு வழி திறந்தது சந்தையா, சட்டமா என்பது கேள்வி. சட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எழுந்ததுமே மேக் என்ற ஒளிபரப்புத் தரத்தின் கதையை எடுத்தார். 1986-இல் செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு மேக் தரத்தை ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) கட்டாயமாக்கியது. ஆஸ்ட்ரா செயற்கைக்கோள் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் சிக்கவில்லை. அதிலேறிய பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி, வீட்டுப் பெட்டிகளுக்குப் பழகிய பழைய முறையிலேயே ஒளிபரப்பி வென்றது. உண்மைதான். எந்தத் தொழில்நுட்பம் ஜெயிக்க வேண்டும் என்று சட்டமே முடிவு செய்யப் போனது, சூடு பட்டது.

சூடு கண்ட பூனை, 1995-இல் தொலைக்காட்சிக்குப் புதிய உத்தரவு போட்டபோது அந்த அடுப்பை நெருங்கவில்லை. ஒளிபரப்புத் தரங்களை வகுக்கும் வேலை, ஒளிபரப்பாளரும் தயாரிப்பாளரும் சேர்ந்து 1993-இல் தொடங்கிய டிவிபி அமைப்பிடம் இருந்தது. சட்டம் பிடித்துக்கொண்டது கட்டண அலைவரிசைகளின் வாசலை. படத்தைக் குலைக்கும் முறை எல்லோருக்கும் பொது. குலைந்ததைத் திறக்கும் சாவி மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அந்தச் சாவியை வைத்திருப்பவர், போட்டி ஒளிபரப்பாளர் வந்து கேட்டாலும் நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் சேவை தந்தாக வேண்டும்.

இது வீண் பயமா? ஜெர்மனியில் ஊடக நிறுவனங்களான பெர்டெல்ஸ்மான், கிர்ஷ், தொலைபேசி நிறுவனமான டாய்ச் டெலிகாம் மூன்றும் கைகோத்து, கட்டணத் தொலைக்காட்சிக்காக எம்.எஸ்.ஜி. என்ற நிறுவனத்தைத் தொடங்கப் பார்த்தன. நிகழ்ச்சி வைத்திருப்பவர், கேபிள் வைத்திருப்பவர், குலைந்த படத்தைத் திறக்கும் டிகோடர் தருபவர் எல்லாம் ஒரே வீட்டார்! 1994-இல் ஐரோப்பிய ஆணையம் அதைத் தடுத்தது. சந்தை தடுத்திருக்குமா?

இனி, டிஜிட்டல் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தைக் கொஞ்சம் பாருங்கள். குறுகிய செருகுவாய் ஒன்று. அதில் நுழையும் கையடக்கத் தகடு. தகட்டுக்குள் சந்தாதாரரின் ஸ்மார்ட் கார்டு. நிறுவனம் மாறினால் தகட்டையும் கார்டையும் மாற்றலாம், பெட்டி அப்படியே இருக்கும். டிகோடர் போன்ற வெளிக்கருவிகளைச் செருகத் திறந்த இணைப்பு ஒன்று 42 செ.மீ.க்கு மேற்பட்ட திரைகளுக்கு வேண்டும் என்றது 1995 உத்தரவு. 2002-இல் டிஜிட்டல் பெட்டிகளுக்கு அந்த எல்லை 30 செ.மீ. ஆனது; நாம் பார்த்த செருகுவாய் போன்ற இணைப்பு அவற்றுக்கு வேண்டும் என்றானது.

"செட்டாப் பாக்ஸில் அந்தச் செருகுவாய் கட்டாயமில்லையே, பிறகு என்ன பயன்?" என்று எதிரணி நண்பர் மடக்கினார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். செட்டாப் பாக்ஸின் செருகுவாயைச் சட்டம் தொடவில்லை, சந்தையிடமே விட்டுவிட்டது. சந்தை என்ன செய்தது? பிரிட்டனில் ஸ்கை தந்த பெட்டியில் அந்தச் செருகுவாயே கிடையாது. நண்பர் அழைத்து வந்த சாட்சி எங்கள் அணிக்குத்தான் பேசுகிறது, நடுவர் அவர்களே. இங்கே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.