வேடியப்பன் கல்லும் ஒரு காயில் கடையும்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில், ஒரு ராகிக் கொல்லை ஓரமாக வேடியப்பன் கல் ஒன்று இருக்கிறது. முழங்கால் உயரம்தான். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இடது கையில் வில், வலது கையில் கத்தி, ஒரு காலை முன்னே வைத்து நிற்கிற ஆள்; காலடியில் இரண்டு மாடு. எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி முகம் மழுங்கிவிட்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, எங்கள் அப்பா டிவிஎஸ் ஐம்பதில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனால், கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார். தோளில் கிடக்கிற துண்டால் கல்லின் மேலிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"யாருப்பா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்களைத் துரத்திப் போய், மீட்டுக் குடுத்துட்டுச் செத்தவன்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் இந்த வேலைதான் பார்த்தேன். இவன் மாட்டை மீட்டான், நாங்க டேங்கை மீட்டோம்" என்றார்.

பிறகு நான் தமிழ் படித்து ஆசிரியை ஆனேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று எழுதியிருப்பதைப் படிக்கும் போதெல்லாம் எனக்குத் துண்டோடு குனிந்து நிற்கிற அப்பாதான் நினைவுக்கு வருவார். தொறு என்றால் மாட்டு மந்தை; பட்டான் என்றால் இறந்தான். போன தை மாதம் அப்பா காலமானார். வயது 81.

அவர் பட்டாளத்தில் சேர்ந்தது 1963இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் சீனப் போர் முடிந்திருந்தது. ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். செகந்திராபாத்தில் பயிற்சி. ஈ.எம்.ஈ. என்று சொல்வார்கள், வண்டி, பீரங்கி, டேங்க் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற பிரிவு. 1971 போரில் அவர் மேற்கு எல்லையில், பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிற ஷகர்கர் பக்கம் இருந்தார். டாக்காவில் டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தது நமக்கெல்லாம் தெரியும். மேற்கே மறுநாள் இரவுவரை சண்டை நடந்தது. செஞ்சூரியன் டேங்க் ஒன்று 50 டன்னுக்கு மேல் எடை. சேற்றில் புதைந்ததையும், கண்ணிவெடியில் சங்கிலி அறுந்து நின்றதையும் இரும்புக் கயிறு கட்டி இழுத்து வந்து, விளக்குப் போடாமல் இருட்டிலேயே சரி செய்து, விடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

யாரைச் சுட்டார்கள், யார் செத்தார்கள் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. குளிரைப் பற்றி மட்டும் சொல்வார். அந்தக் குளிரில் ஸ்பேனரைத் தொட்டால் கை மரத்துப்போகுமாம். அதனால் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து ஸ்பேனரை வைத்துச் சூடாக்கிக்கொண்டு அப்புறம் நட்டைக் கழற்றுவார்களாம். பிறகு ஊரில் கடை வைத்த காலத்திலும், மார்கழி மாதம் கடை திறந்ததும் அப்பா முதலில் செய்கிற காரியம், ஸ்பேனரை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வது. பாலக்கோட்டுக் குளிருக்கு அது தேவையே இல்லை. உடம்பு அதை மறக்கவில்லை.

1980இல் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டுகிற கடை போட்டார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "மோட்டார் எரிஞ்சு போச்சா? மிலிட்டரிக்காரர்கிட்ட கொண்டு போ" என்று ஊர்ச்சனம் வழி சொன்னால் போதும்.

அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? எரிந்த காயிலை வெட்டி எடுத்தால் கரிந்த வார்னிஷ் நெடி மூக்கை அடைக்கும். கம்பி இறங்குகிற பள்ளத்தைக் காடி என்பார்கள்; ஒவ்வொரு காடியையும் சுரண்டிச் சுத்தம் செய்து, மின்சாரம் கசியாமல் தடுக்கிற லெதராய்டு பேப்பரை மடித்துச் செருகி, புதுக் கம்பியைச் சுற்று எண்ணி இறக்க வேண்டும். மேலே மூங்கில் ஆப்பு. ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் சூடாகும். அப்பா இந்தியில்தான் எண்ணுவார். ஏக், தோ, தீன் என்று உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும் இடது கையை உயர்த்திக் காட்டுவார். அந்தக் கை கீழே இறங்குகிறவரை வந்தவர்கள் காத்திருப்பார்கள்.

நம் பக்கத்தில் மோட்டார் எரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மோட்டாருக்குக் கரண்டு வருகிற மூன்று வழிகளில், அதாவது மூன்று பேஸில், ஒன்று போய்விடும். ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்து சுவிட்சைப் போட்டுவிட்டு விவசாயி படுத்திருப்பார். இரண்டு பேஸில் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமி உறுமி, கொஞ்ச நேரத்தில் காயில் வெந்துவிடும். சித்திரையில் தக்காளி காய் பிடித்திருக்கும்போது இப்படி ஆகி, நாலு நாள் தண்ணீர் இல்லை என்றால் அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டே போச்சு. அதனால் பேஸ் போனால் தானாக அணைக்கிற கருவியை மாட்டச் சொல்லி, வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடுவார். "வேலை வர்ற வழியை நீங்களே அடைக்கிறீங்களே" என்று அம்மா குறைபட்டதுண்டு. அப்பா பேச்சை நிறுத்தவில்லை. எனக்கு அதில் இன்றும் பெருமைதான்.

கடையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யார் மோட்டார், எத்தனை எச்பி, எத்தனை காடி, எத்தனை சுற்று, என்ன கம்பி என்று 40 வருடக் கணக்கு அதில் இருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே 'ப.வே.' என்று எழுதியிருப்பார். பணம் வேண்டாம் என்று அர்த்தம். புருஷன் இல்லாத வீடு, அந்த வருடம் விளைச்சல் போன வீடு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காலையில் அவரே மாவு பிசைந்து சப்பாத்தி போடுவார், தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பத்து மணிக்கு மேல் திண்ணைக்கு முன்னாள் படைவீரர் வீட்டுப் பெண்கள் வருவார்கள், பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு. மனு எழுதுவது என் வேலை. எட்டாம் வகுப்பிலிருந்து எழுதினேன். கல்யாணம் ஆனதைப் பட்டாளத்து ஏட்டில் பதிய வேண்டும், பார்ட் டூ ஆர்டர் என்பார்கள். அந்தக் காலத்தில் பலர் அதைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள். இல்லையென்றால் மனைவி பெயர் ஏட்டில் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று என்று இருக்கும். புருஷன் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் அந்தப் பெண்ணுக்கே இது தெரியும். ஓர் அம்மாவின் மனுவை ஓர் அலுவலகம் மூன்று வருடம் திருப்பித் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு தடவையும் அப்பா கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு கூடவே போனார். பென்ஷன் வந்த அன்று அந்த அம்மா ஒரு கூடை அவரைக்காய் கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. நம் மாவட்டத்துப் பாறையில் இருக்கிற ஃபுளோரைடு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை; பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் விறைத்துப் போனது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். "நான் ஓட்டிவிட்ட மோட்டார்தானே இந்தத் தண்ணியை மேலே கொண்டு வருது" என்று ஒருநாள் ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு ஊர் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் மாட்டிக் கொடுக்கிற இடத்திலெல்லாம், இது பாத்திரம் கழுவ, குளிக்க மட்டும், குடிக்க மழைத்தண்ணீரைப் பிடியுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013இல் வந்தபோது, எங்கள் தெருக் குழாயில் முதல் சொம்பைப் பிடித்து என் மகனுக்குத்தான் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கிறவரை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடையை இப்போது அவரிடம் தொழில் கற்ற தம்பி ஒருவர் நடத்துகிறார். அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த டிரான்சிஸ்டர் இன்னும் அங்கே ஆணியில் தொங்குகிறது. காலையில் கடை திறந்ததும் அந்தத் தம்பி இந்த நிலையத்தைத்தான் வைப்பார். இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

தம்பி, நேற்று மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு ஏழரை எச்பி மோட்டார் இறக்கிவிட்டுப் போனார்களே, நோட்டில் அந்த வீட்டுப் பெயரைப் பார். எதிரே 'ப.வே.' போட்டிருக்கும். சுற்றை எண்ணி முடித்துவிட்டுப் பார்த்தால் போதும்.

வணக்கம்.