முதலில் சாவியைத் தேடுங்கள்

அவையோருக்கு வணக்கம். "எங்கள் ஊருக்குக் குடிவாருங்கள், தொழில் தொடங்குங்கள்" என்று பதாகை அடிக்கப் போகிறீர்களாம். நல்லது. அதற்கு முன் ஒரு நாள் ஊருக்குள் நடந்து, பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிவிடுங்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

கூரை சரிந்து, நிலைப்படியில் செடி முளைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு வாரிசுகள் ஐந்து பேர் இருப்பார்கள். நால்வர் சம்மதிப்பார்கள், ஐந்தாமவர் கடைசிவரை கையெழுத்துப் போட மாட்டார். வர நினைப்பவர் கண்ணுக்குக் காலி வீடுகள் நிறையத் தெரியும். குடிபுக ஒன்றுகூடக் கிடைக்காது.

இத்தாலியின் சிசிலித் தீவில் சம்பூகா என்றொரு சிற்றூர். 2019-இல் 16 பழைய வீடுகளை ஒரு யூரோ தொடக்க விலையில் ஏலத்துக்கு விட்டது. எல்லோரும் அந்த ஒரு யூரோவைப் பற்றியே பேசினார்கள். என் கண்ணில் பட்டது வேறு: அந்த வீடுகள் ஊர் நிர்வாகத்தின் பெயரிலேயே இருந்தன. சாவி கையில் இருந்ததால்தான் விற்க முடிந்தது. வாங்குபவர் மூன்றாண்டுக்குள் வீட்டைச் செப்பனிட வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது.

பணம் கொடுத்தால் ஆள் வருமா? வரும், கூட்டமாகவே வரும். சுவிட்சர்லாந்தின் ஆல்பினென் மலைக்கிராமம் 2017-இல், குடியேறும் பெரியவருக்கு 25,000 பிராங்க், பிள்ளைக்கு 10,000 பிராங்க் தர முடிவு செய்தது. வயது 45-க்குள் இருக்க வேண்டும், பத்தாண்டு தங்க வேண்டும், குடியேறும் வீட்டின் மதிப்பு இரண்டு லட்சம் பிராங்காவது இருக்க வேண்டும். செய்தி உலகைச் சுற்றியபோது நிபந்தனைகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. தகுதியே இல்லாதவர்களின் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதே அந்தச் சிறிய ஊருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் காமியாமா செய்த வேலை. அதுவும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்த மலையூர்தான். ஆனாலும் யார் வந்தாலும் போதும் என்று அது இருக்கவில்லை. ரொட்டி சுடுபவர் வேண்டும், இணைய வடிவமைப்பாளர் வேண்டும் என்று தொழிலைச் சொல்லியே காலி வீடுகளுக்கு ஆள் தேடியது. கண்ணாடியிழை வழியான அதிவேக இணையம் முன்பே வந்திருந்ததால், 2010-இல் டோக்கியோவின் சான்சான் என்ற மென்பொருள் நிறுவனம் அங்கே ஒரு பழைய வீட்டில் கிளை திறந்தது.

இயற்கை எழிலைப் படம் பிடித்துப் போடுவதில் தவறில்லை. ஆனால் வருபவர் கேட்கப்போவது வேறு. மழை நாளில் இணையம் தடைபடுமா? நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் வண்டி கிடைக்குமா? பள்ளி பத்து கிலோமீட்டர் தொலைவு என்றால் பத்து என்றே சொல்லுங்கள். "பக்கத்தில்தான்" என்று மழுப்பினால், வந்தவர் அடுத்த ஆண்டே பெட்டியைக் கட்டிவிடுவார். போன இடத்தில் அவர் நம் ஊரைப் பற்றிச் சொல்லாமலா இருப்பார்?

பதாகைக்கு ஒதுக்கிய பணத்தில் இன்று ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வாங்குங்கள். பூட்டிய வீடு, வாரிசுகளின் பெயர், தொலைபேசி எண் என்று எழுதத் தொடங்குங்கள். கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ அந்த ஐந்தாமவர் ஊருக்கு வராமல் இருக்க மாட்டார். வந்தால், திரும்பி வண்டி ஏறும் முன் அவரைப் பிடித்துவிடுங்கள்.