கூடாரத்துக்குள் விறகு அடுப்பு: பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் குழாய்

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டையில் நமக்குத் தெரிந்த டிங்கர் அண்ணன் பட்டறையில் நின்று பேசுகிறேன், பின்னால் கிரைண்டர் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் காட்டப் போவது கூடாரத்துக்குள் வைத்துக் குளிர்காய்கிற சின்ன விறகு அடுப்பு, நாமே செய்தது, கழற்றி வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம். சென்னையில் மார்கழி ராத்திரியே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், இங்கே இது வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும் பாருங்கள், அந்தக் குளிரில் கூடாரம் போடுகிறவர்களுக்கும், உத்தராகண்ட், இமாச்சல் பக்கம் பனியில் தங்குகிறவர்களுக்கும்தான் இது.

இந்த மாதிரி அடுப்பு செய்கிற வீடியோக்களில் முக்கால்வாசி நேரம் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். பெட்டி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். உங்களை உயிரோடு காலையில் எழுப்புவது குழாய், அதனால் காசையும் நேரத்தையும் அங்கே போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சரி, பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 16 அங்குல நீளம், 9 அகலம், 9 உயரம். எம்.எஸ். ஷீட்டில், அதாவது சாதா இரும்புத் தகட்டில், 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர், இந்த அளவுக்குப் பெட்டி மட்டும் நாலரை கிலோ வரும். 16 கேஜில் போட்டால் ஆறு கிலோ, ஆனால் சூட்டில் நெளிவது குறையும். காயலான் கடையில் பழைய இரும்புப் பெட்டி கிடைத்தால் அதையே வெட்டலாம், ஆனால் ஜி.ஐ. ஷீட்டாக இருந்தால் தொடாதீர்கள், பளபளவென்று பூப்பூவாக இருக்குமே அதுதான். அதன் மேல் இருக்கிற துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், அடுப்பு இன்னும் சிவக்கச் சிவக்க அது புகையாகக் கிளம்பும். ஜி.ஐ. பைப்புக்கு வெல்டிங் அடிக்கிற ஆட்களைக் கேட்டுப்பாருங்கள், அன்றைக்கு ராத்திரியே குளிரும் காய்ச்சலுமாகப் படுத்த கதை சொல்வார்கள். காற்றோட்டமான பட்டறையிலேயே அப்படி என்றால் மூடின கூடாரத்தில் யோசித்துப்பாருங்கள்.

கதவில் கீழே காற்று போக ஒரு பிளவு, அதைத் திறந்து மூட நகர்கிற தகடு. அப்புறம் உள்ளே பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். குழாய் ஓட்டை பின்பக்கம் மேலே இருக்கிறது, அதற்கு ஒன்றரை அங்குலம் கீழே பின்சுவரிலிருந்து ஒரு தட்டு முன்னால் வந்து, கதவுக்கு முன்பே நின்றுவிடுகிறது. இது இல்லையென்றால் தீ நேராகக் குழாய்க்குள் ஏறிப்போய்விடும், குழாய் சிவக்கும், சூடெல்லாம் வானத்துக்குப் போகும், நீங்கள் விறகு போட்டுக்கொண்டே இருப்பீர்கள். தட்டு இருந்தால் தீ முன்பக்கம் வந்து, மடங்கி, மேல்தகட்டை நக்கிக்கொண்டு பின்னால் போகும், அந்த மேல்தகட்டில் டீ வைக்கலாம்.

இப்போது குழாய். செம்புதாஸ் தெருவில் இரும்புக் கடைகளை ஒரு சுற்று சுற்றினால் மெல்லிய எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குழாய் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவிடும். 3 அங்குலக் குழாய், 15 அங்குலத் துண்டுகளாக ஆறு, எல்லாம் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒன்றுக்குள் ஒன்று 2 அங்குலம் செருகினால் மொத்தம் 80 அங்குலம். அடுப்பின் கால் 8 அங்குலம், பெட்டி 9, ஆக குழாயின் உச்சி தரையிலிருந்து 8 அடிக்கு வந்துவிடுகிறது, கூடாரம் 6 அடி என்றால் அதற்கு மேல் 2 அடி நிற்கும். சூடான காற்று மேலே ஏறுவதால்தான் கீழே புதுக் காற்று இழுபடுகிறது, குழாய் உயரமாக உயரமாக இழுப்பு கூடும். குட்டைக் குழாய் வைத்துவிட்டுப் புகை உள்ளே வருகிறது என்று கதவைக் குறை சொல்லக் கூடாது.

செருகும்போது ஒரு விஷயம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையை மூக்குக் குறடால் சுற்றிலும் நெளித்துச் சின்னதாக்கியிருக்கிறோம், தெரிகிறதா? அந்த நெளித்த முனை கீழே, அடுப்பைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஈர விறகு எரித்தால் குழாயின் உள்பக்கம் கறுப்பாகத் தார் வழியும், நெளித்த முனை மேலே இருந்தால் அது இணைப்பு வழியாக வெளியே வந்து கூடாரத் துணியில் சொட்டும், கீழே இருந்தால் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். உச்சியில் பொறி பறக்காமல் இருக்கக் கம்பி வலை, அதில் கரி அடைத்தால் புகை திரும்பி உள்ளே வரும், தினமும் தட்டிவிடுங்கள். வலை இல்லாமல் மலையில் பற்றவைக்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேரைப் பறிகொடுத்தோம், காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். தனியார் இடத்தில், இடத்துக்காரர் சம்மதத்தோடு மட்டும் செய்யுங்கள்.

கூடாரம் கித்தான் துணியாக இருக்கட்டும். நைலான் 220 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும், குழாய் அதைவிடச் சூடாகும். குழாய் வெளியே போகிற இடத்தில் வெல்டிங் போர்வைத் துணியை, அதாவது வெல்டிங் பொறிக்குத் தாங்குகிற துணியை, ரெண்டு மடிப்பாகத் தைத்து நடுவில் ஓட்டை போட்டிருக்கிறேன். துணிச் சுவரிலிருந்து அடுப்பு ரெண்டு அடியாவது தள்ளி நிற்கட்டும்.

விறகு என்றால் எனக்குச் சவுக்குதான். மீஞ்சூர், பொன்னேரி பக்கமிருந்து வருகிற கட்டை நம்ம விறகுத் தொட்டிகளிலேயே கிடைக்கும், கனமான மரம், நின்று எரியும். ரெண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள், கணீரென்று கேட்டால் காய்ந்தது, தொப்பென்று கேட்டால் திருப்பிக் கொடுங்கள். ஒரு அடித் துண்டாக அறுத்து மூட்டையில் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், காட்டில் போய் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

முதல் தடவை மொட்டை மாடியில் வைத்து நன்றாகச் சிவக்க எரியுங்கள், எண்ணெய், பெயின்ட் எல்லாம் நாறிப் புகைந்து போகட்டும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். எல்லோரும் பயப்படுவது தீ கொழுந்துவிட்டு எரியும்போது. எனக்குப் பயம் அது அடங்கும்போது. விறகு தீர்ந்து கங்கு மட்டும் இருக்கிற நேரத்தில் குழாய் ஆறிவிடும், ஆறினால் இழுப்பு போய்விடும், ஆனால் கங்கு கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுகிற இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவன் தூங்கினபடியே போய்விடுவான். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி இறந்துபோன செய்தி மலைப் பக்கமிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது, அந்தக் கரி அடுப்புக்குக் குழாயே கிடையாது. அதனால் படுப்பதற்கு முன் கங்கை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், குளிர்ந்தால் இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். அடுப்பு எரிகிற நேரம் முழுக்கக் கூடாரத்தில் கீழே ஒரு இடம், மேலே ஒரு இடம் திறந்தே இருக்கட்டும். பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். தலை வலித்தால், குமட்டினால் யோசிக்காமல் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகிறவர்கள் கையில் குழாயை எடுத்துக்கொண்டு போங்கள். 3 அங்குலம் என்று வாயால் சொன்னால் ஒரு கடையில் உள்ளளவு, இன்னொரு கடையில் வெளியளவு. குழாயைப் பெட்டி மேல் நிறுத்தி, சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள், மிச்சத்தை அரம் வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம். கித்தான் தைப்பதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.